ஏரியில் எரியும் நெருப்பு: பிள்ளைகளுடன் அமர்ந்து கற்கவேண்டிய ஓர் ஆட்டம்

போரைவிட்டு வெளியேறிய எமது வீடுகளுக்குள், போரையே பொருளாகக் கொண்ட விளையாட்டுப் பெட்டிகள் வரத் தொடங்கியுள்ளன. பாடசாலை நண்பர்களிடமிருந்தோ நகர நூலகத்திலிருந்தோ எம் பிள்ளைகள் இவற்றைக் கொணர்கின்றனர். பெட்டியின்மேல் படைவீரர் படத்தைக் கண்டதும் பெற்றோர் முகம் சுழிப்பது இயல்பே. எனினும், அதனை அப்புறப்படுத்தச் சொல்லுமுன் உள்ளே என்ன இருக்கிறதெனப் பார்ப்பது நன்று. அவ்வாறு பார்க்கத்தக்கவற்றுள் ஒன்றை இவ்வாரம் அறிமுகம் செய்கின்றோம்.

அதன் பெயர் 'ஃபயர் இன் த லேக்'. 'ஏரியில் நெருப்பு' என்பது பொருள். பழஞ்சீன நூலான 'ஈ சிங்' புரட்சிக்குக் கூறும் உருவகம் அது. வியட்நாம் போரைப் பொருளாகக் கொண்ட இவ்வாட்டத்தை மார்க் ஹேர்மன், வோல்கோ றூன்கே என்னும் இரு அமெரிக்கர் வடிவமைத்தனர். 2014இல் ஜிஎம்டி கேம்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. றூன்கே அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயில் ஆய்வாளராகப் பணியாற்றியவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

சமமற்ற ஆட்டம் என்பது யாது?

சதுரங்கத்தில் இருவருக்கும் 16 காய்கள். இருவருக்கும் ஒரே விதி. இருவருக்கும் ஒரே இலக்கு. ஆடுபுலி ஆட்டம் அவ்வாறன்று. புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாவி வெட்டும். ஆட்டிற்கு வெட்டும் உரிமை இல்லை. புலியை அசையவிடாது அடைத்தே அது வெல்லும். காய்களின் தொகை வேறு, வலிமை வேறு, வெற்றி வேறு. நாம் இங்கு பேசும் ஆட்டமும் இவ்வகையினதே. ஆனால் இதில் தரப்புகள் இரண்டல்ல, நான்கு: அமெரிக்கா, சைகோன் அரசு, ஹனோயின் வட வியட்நாம் படை, தெற்கின் வியட்கொங் கெரில்லாக்கள்.

ஒவ்வொரு தரப்பின் வெற்றிக் கணக்கும் தனித்தனியானது. மக்களின் ஆதரவையும், களத்திலிருந்து விலக்கி வைத்துள்ள தன் படையையும் கூட்டிய தொகை 50ஐத் தாண்டினால் அமெரிக்கா வெல்லும். வென்று வெளியேற வேண்டும் என்பதே அதன் சிக்கல். சைகோன் அரசுக்கு மக்களின் ஆதரவு கணக்கில் இல்லை. அரசுத் தரப்பின் கட்டுப்பாட்டிலுள்ள மக்கள்தொகையும், உதவிப் பணத்தைத் தன்னவர்க்குப் பகிர்ந்து தேடிய செல்வாக்கும் சேர்ந்து 50ஐத் தாண்டவேண்டும். வியட்கொங்கிற்கு மக்களின் எதிர்ப்புணர்வும் தன் தளங்களும் 35ஐத் தாண்டவேண்டும். ஹனோய்க்குத் தன் பிடியிலுள்ள மக்கள்தொகையும் தளங்களும் 18ஐத் தாண்டினால் போதும்.

ஊரில் 304 ஆடிப் பழகியவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 304இல் எதிரே இருக்கும் கூட்டாளி இறுதிவரை கூட்டாளியே. இங்கு அமெரிக்காவும் சைகோனும் ஓரணி. ஆயினும் வெல்பவர் ஒருவரே. சைகோனின் கருவூலத்திலிருந்தே அமெரிக்கா சில நடவடிக்கைகளுக்குச் செலவிடும். உதவிப் பணத்தைச் சைகோன் செல்வாக்காக மாற்றும் போதெல்லாம் அமெரிக்கா பாடுபட்டுச் சேர்த்த மக்களாதரவு ஒரு படி இறங்கும். மறுபுறத்தில் ஹனோய், தன் தோழமைத் தரப்பான வியட்கொங்கின் காய்களை அகற்றிவிட்டுத் தன் காய்களை அங்கு வைக்கலாம். எதிரியைவிடத் தோழனையே கூர்ந்து கவனிக்க வேண்டியிருப்பதை முதல் ஆட்டத்திலேயே பிள்ளைகள் உணர்ந்துகொள்வர்.

முதன்முறை ஆடுவோருக்கு

விதிநூலின் தடிப்பைக் கண்டு மலைக்கவேண்டியதில்லை. ஆட்டத்தின் முதுகெலும்பு எளிதானது. நிகழ்ச்சி அட்டை ஒன்று திறந்திருக்கும். அடுத்த அட்டையும் கண்ணுக்குத் தெரியும். ஓர் அட்டைக்கு இரு தரப்புகளே செயற்படலாம். எவர் முந்துவது என்பதை அட்டையின் மேல்விளிம்பிலுள்ள வரிசை கூறும். செயற்பட்டவர் பொதுவாக அடுத்த அட்டையில் ஒதுங்கியிருக்க வேண்டும். அட்டையில் எழுதிய நிகழ்ச்சியை நடத்துவதா, படை நகர்த்தல், தேடுதல், தாக்குதல், ஆட்சேர்ப்பு போன்ற நடவடிக்கை ஒன்றை மேற்கொள்வதா என்பதே ஒவ்வொரு முறையும் எழும் வினா. கெரில்லாக் காயின் அடையாளமிட்ட முனை கீழிருந்தால் அது மறைவில் உள்ளது, தேடுதலில் திருப்பப்பட்டால் வெளிப்பட்டது, வெளிப்பட்டதையே தாக்கலாம்.

முழு ஆட்டம் 1964 முதல் 1972 வரையான காலத்தைத் தழுவியது. அதற்குப் பல மணிநேரம் வேண்டும். ஆகவே 1965 முதல் 1967 வரையான குறுகிய ஆட்டத்தில் தொடங்குவதே உகந்தது. தத்தம் தரப்பின் சுருக்கத்தாளை மட்டும் முதலில் படித்துக்கொண்டால் போதும். ஆனால் ஏனைய மூவரின் வெற்றிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி அருகில் வைத்திருக்க வேண்டும். தன் இலக்கை மட்டும் பார்த்து ஆடுபவர் பிறருக்கு வெற்றியைத் தேடிக்கொடுப்பார்.

எமது குடும்பங்களுக்கு இதில் இன்னுமொரு வசதி உண்டு. சீட்டாட்டத்தைப் போல எவரும் கையில் எதையும் மறைத்து வைத்திருப்பதில்லை. யாவும் மேசைமீது திறந்தே கிடக்கும். எனவே ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் பிள்ளை விதியை வாசித்துத் தமிழில் பெற்றோருக்கு விளக்கலாம். 'ஆதரவு', 'கட்டுப்பாடு', 'செல்வாக்கு' என்னும் சொற்களுக்கிடையேயுள்ள வேறுபாட்டைத் தமிழில் சொல்ல முயலும் பிள்ளை, மொழிப் பயிற்சியையும் உடன் பெறுகிறது.

பெட்டியில் இடம்பெறாதோர்

எனினும் இவ்வாட்டத்தின் ஒரு குறையைப் பெற்றோரே எடுத்துக்கூறவேண்டும். பலகையில் ஒவ்வொரு மாகாணத்திலும் மக்கள்தொகை ஓர் இலக்கமாக அச்சிடப்பட்டுள்ளது. அவர்களின் மனநிலைக்கு ஐந்து படிகள் உண்டு. கெரில்லாக்கள் பயங்கரச் செயல் புரிந்தாலும் அப்படி நகரும். விமானங்கள் குண்டு வீசினாலும் நகரும். ஆனால் அச்சிட்ட இலக்கம் அவ்வாறே இருக்கும். இறந்த அமெரிக்கப் படைகளை வைப்பதற்குப் பலகையில் ஒரு கட்டம் உண்டு. இறந்த குடிமக்களுக்குக் கட்டம் இல்லை.

அப்போரில் மாண்ட 58,000இற்கும் மேற்பட்ட அமெரிக்கரின் பெயர்கள் வாஷிங்டன் நினைவுச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இருபுறமும் மாண்ட வியட்நாமியக் குடிமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் என 1995இல் வியட்நாம் அரசு அறிவித்தது. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்த பின்னர், 1995 வரையான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் படகேறிப் பிற நாடுகளைச் சென்றடைந்தனர். கடலில் மாண்டோரின் சரியான தொகை எவருக்கும் தெரியாது. இன்று பாரிஸிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் எமக்கு அயலவராக வாழும் வியட்நாமியருள் பலர் அப்படகுகளில் வந்தவர்களே.

நாம் மூன்று இளையோருடன் இவ்வாட்டத்தை ஆடிய மாலையில், குவாங் நாம் மாகாணத்தில் வியட்கொங் தரப்பின் சிறுமி ஒரு பயங்கரச் செயலை நடத்திவிட்டுத் தன் புள்ளியைக் கணக்கிட்டாள். கணக்குச் சரியானதே. அச்செயலின் பின் அவ்வூரில் இரவு எவ்வாறு கழியும், விளக்கை அணைப்பது யார், பிள்ளைகளை எங்கு படுக்கவைப்பர் என்பதை மட்டும் நாம் சொன்னோம். அமெரிக்கத் தரப்பில் இருந்த சிறுவன், விமானத் தாக்குதலின்போது மக்கள் எங்கே பதுங்குவர் என்று கேட்டான். பதுங்கு குழி வெட்டுவது எப்படி, அதற்குப் பனங்குற்றி ஏன் வேண்டும் என்று பேச்சு நீண்டது. காய்கள் அசையாது கிடந்தன. அதுவரை எம்மூரைப் பற்றி எதையும் கேட்டறியாத பிள்ளைகள் அவர்கள்.

இதனைப் பெட்டி கற்பிக்காது. நாம் பட்டதை நேரில் கேட்கத் தயங்கும் பிள்ளைக்கும், நேரில் சொல்லத் தயங்கும் பெற்றோருக்கும் வேறொரு நாட்டின் வரைபடம் இடையில் இருப்பது உதவியாகின்றது. சிலருக்கு அதுவும் தாங்கவியலாத வேதனையைத் தரலாம். அத்தகையோரை வற்புறுத்தல் தகாது. அவர்களுக்கு, புரூஸ் மான்ஸ்ஃபீல்ட் வடிவமைத்து 2019இல் வெளிவந்த 'காந்தி' என்னும் ஆட்டம் ஏற்றதாகலாம். அதே முறையில் அமைந்த அதில் இந்தியக் காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் ஆயுதமின்றிப் போராடும் தரப்புகளாக இடம்பெறுகின்றன.

ஒருமுறை ஆடியபின் தரப்புகளை மாற்றி ஆடுமாறும் பரிந்துரைக்கின்றோம். முதல்நாள் எத்தரப்பை வெறுத்தோமோ அத்தரப்பின் சுருக்கத்தாளைக் கையிலெடுத்து, அதன் அச்சம் யாது, அதன் தேவை யாது எனக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமான பயிற்சி. எம் பிள்ளைகளுக்கு அப்பயிற்சி வேண்டும், எமக்கும் வேண்டும். குளிர்கால விடுமுறையில் பிள்ளைகள் இத்தகைய பெட்டியொன்றைத் திறப்பராயின், நான்காமவராகப் பெற்றோர் ஒருவர் அம்மேசையில் அமர்வாராக.