நிழலிலும் பூக்கும் கனகாம்பரம்

நம் தெருக்களில் பல வீடுகளுக்கு முற்றம் சிறியது. பக்கத்து வீடுகள் மாடி எழுப்பிய பிறகு, காலையில் கொஞ்ச நேரம் விழும் வெயிலோடு சரி. அந்த இடத்தில் ரோஜா வைத்தால் கொம்பு நீள்கிறது, பூ வருவதில்லை. மல்லிகை வைத்தால் இலை மட்டும் தழைக்கிறது. "எங்கள் வீட்டு மண்ணுக்குப் பூச்செடி ஒத்துவராது" என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் குறை மண்ணில் இல்லை. வெயில் கேட்கும் செடியை நிழலில் வைத்ததுதான் காரணம்.

அப்படிப்பட்ட முற்றத்துக்கு ஏற்றது கனகாம்பரம். வாரம் தவறாமல் காசு கொடுத்து வாங்கும் பூவை வீட்டிலேயே பறித்துக்கொள்ளலாம்.

காட்டு மரத்தடிச் செடி

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டு மரங்களின் கீழே இயற்கையாக வளரும் செடி இது. ஆடாதோடை, சிறியாநங்கை, நீர்முள்ளி ஆகியவை இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருமுறை வைத்தால் சில ஆண்டுகள் நின்று பூக்கும். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும்.

காட்டில் இது எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறை தானாகப் புரியும். மேலே மரக்கிளை இருப்பதால் வெயில் வடிகட்டி விழுகிறது. கீழே இலைகள் மட்கி மண் பொலபொலவென்று இருக்கிறது. மண்ணில் ஈரம் உண்டு, ஆனால் தண்ணீர் நிற்பதில்லை. இந்த மூன்றையும் வீட்டில் கொடுத்தால் போதும்.

நிழல் என்றால் இருட்டு அல்ல என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரக் காலை வெயிலோ, நாள் முழுதும் நல்ல வெளிச்சமோ வேண்டும். தென்னை, முருங்கை நிழல் பொருத்தமானது. வெளிச்சமே வராத சந்தில் வைத்தால் செடி பிழைத்திருக்கும், பூக்கதிர் குறைந்துவிடும். வயல்களில் திறந்த வெயிலிலும் இதைப் பயிர் செய்கிறார்கள். அங்கே அடிக்கடி நீர் பாய்ச்ச முடிகிறது. தொட்டியில் வைத்த செடி கோடை மதிய வெயிலில் வாடிவிடும்.

எந்த வகையை வைப்பது?

கடைத்தெருவில் அதிகம் விற்பது டெல்லி கனகாம்பரம். அடர்ந்த ஆரஞ்சு நிறமும் அகன்ற இதழும் கொண்டது. மற்ற ஆரஞ்சு வகைகளும், மஞ்சள், சிவப்பு வகைகளும் உண்டு.

டெல்லி கனகாம்பரம் விதை கட்டாது. பல செடிகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். இதில் மூன்று தொகுதிகள். அவை சரியாக இணை சேர முடியாததால் விதை உண்டாவதில்லை. ஆகவே கிளையை வெட்டி வைத்துத்தான் இதைப் பெருக்க வேண்டும். விதை கட்டும் வகைகளில் முற்றிய காய் மீது ஈரம் பட்டதும் பட்டென்று வெடித்து விதை சிதறும். விதை சேகரிக்க விரும்பினால், காய்ந்த கதிரை மழைக்கு முன்பே வெட்டி எடுங்கள்.

நடும் முறை

பூக்காத, நோயில்லாத இளங்கிளையை நான்கைந்து அங்குல நீளத்துக்குக் கணுவின் கீழே வெட்டுங்கள். நுனியில் இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பாதி மணல், பாதி மட்கிய எரு கலந்த கலவையில் ஒரு கணுவாவது உள்ளே இருக்கும்படி நட்டு, நிழலில் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மழைக்காலத் தொடக்கம் இதற்கு நல்ல சமயம்.

தொட்டி என்றால் அடியில் துளை கட்டாயம் வேண்டும். தரையில் வைப்பதானால் செடிக்குச் செடி ஒன்று அல்லது ஒன்றேகால் அடி இடைவெளி விடுங்கள். மண்ணோடு தொழு எருவும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்துகொள்ளுங்கள். உதிர்ந்த இலைகளைச் செடியின் அடியில் பரப்பினால் ஈரம் காக்கும்.

விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி கழுவிய நீர், சோப்புப் படாத ஒளு நீர் ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒளுச் செய்யும் குழாயடியிலேயே செடியை வைத்துவிடாதீர்கள். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மண்ணில் வேர் அழுகிச் செடி திடீரென வாடிவிடும். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரை அன்றாடம் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

நன்றாக இருந்த செடி வளராமல் குட்டையாக நின்று, இலைகள் சிறுத்து ஊதா கலந்த சிவப்பாக மாறினால், "உரம் போதவில்லை" என்று மேலும் மேலும் உரம் போடுவது வழக்கம். பல சமயம் உண்மையான காரணம் வேரைத் தாக்கும் நூற்புழு. இது கண்ணுக்குத் தெரியாது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, புண்பட்டு, சல்லிவேர் குறைந்திருக்கும்.

இங்கேதான் நம் நல்ல வழக்கம் ஒன்றில் கவனம் தேவைப்படுகிறது. ஒரு வீட்டில் பூத்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோம். அப்போது செடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கிக் கொடுத்தால் நூற்புழுவும் கூடவே போகும். ஒரு தெரு முழுதும் கனகாம்பரம் நொடித்துப்போக அது ஒன்றே போதும். கொடுப்பதை நிறுத்த வேண்டாம்; கொடுக்கும் முறையை மாற்றுங்கள். செழிப்பான செடியிலிருந்து, மண் படாத மேல்கிளையை வெட்டிக் கொடுங்கள். வாங்குகிறவர் புதிய மண்கலவையில் வைக்கட்டும்.

நோய் கண்ட செடியை வேரோடு அகற்றுங்கள். அதை எருக்குழியில் போட வேண்டாம். அதே மண்ணில் உடனே கனகாம்பரம் வைக்காமல், ஒரு பருவம் செண்டுமல்லி வையுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். தொட்டி மண்ணானால் கோடையில் ஈரப்படுத்தி, பாலித்தீன் தாளால் மூடி, சில வாரம் கடும் வெயிலில் வைத்த பின் பயன்படுத்தலாம்.

பறிப்பும் பயனும்

பூ கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக மலரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலையில், கதிர் ஒடியாமல் பூவை மட்டும் உருவி எடுங்கள். பூத்து முடிந்த கதிரை வெட்டிவிட்டால் புதுக் கிளைகள் வரும். இரண்டு மூன்று ஆண்டுக்குப் பின் பூ குறையும்போது, நல்ல கிளையை வெட்டி வைத்துப் புதுச் செடி உண்டாக்குங்கள்.

இந்தப் பூவுக்கு மணம் இல்லை. மல்லிகை வாசத்தில் தலைவலி வரும் பெண்களுக்கு அது ஒரு வசதி. எடை குறைவு, சீக்கிரம் வாடாது. எனவே நிக்காஹ் வீட்டுக்கு முந்தைய இரவே தொடுத்து வைக்கலாம்.

நான்கைந்து தொட்டியை வைத்துப் பெரிய வருமானம் எதிர்பார்க்க முடியாது. வீட்டுத் தேவைக்குப் போக, பத்து இருபது செடி வைக்க இடமுள்ளவர்கள் தொடுத்த சரமாக அக்கம்பக்கத்தில் விற்கலாம். உதிரிப் பூவாகக் கொடுப்பதைவிட, தொடுத்துக் கொடுத்தால் கைவேலைக்கும் கூலி கிடைக்கும். வீட்டை விட்டு வெளியே போய் வேலை செய்ய இயலாத சகோதரிகளுக்கு இது ஒரு சிறு கைத்துணை.

முதலில் ஒரே ஒரு கிளையை வாங்கி வைத்துப் பாருங்கள். எந்த மூலையில் அது நன்றாகப் பூக்கிறது என்று ஒரு பருவம் கவனித்துவிட்டு, அதன்பின் பெருக்குங்கள்.