பானெட்டுக்குள்ள பைப்பை விடாதீங்க

வெளிய பளபளன்னு இருக்கிற காரோட பானெட்டைத் திறந்து பாருங்க, உள்ள வேற உலகம். தரமணிப் பக்கம் ஓடுற வண்டின்னா கேக்கவே வேணாம். ஓஎம்ஆர் மெட்ரோ வேலைத் தூசி, திருவான்மியூர்ல இருந்து வர்ற உப்புக் காத்து, எங்கேயோ கசியுற ஆயில் மூணும் சேர்ந்து எஞ்சினுக்குப் பத்து போட்ட மாதிரி அப்பிக் கிடக்கும். லீவுல அப்பா காரைச் சுத்தம் பண்றேன்னு கிளம்புறவங்க முதல்ல தேடுறது தண்ணி பைப்பைத்தான். தூசி படிஞ்ச எஞ்சின் பாட்டுக்கு ஓடும். தப்பான இடத்துல தண்ணி போன எஞ்சின் ஓடாது.

"மழையில நனையுற வண்டிதானே, கனெக்டர் எல்லாம் வாட்டர் ப்ரூஃப்தானே?" நியாயமான கேள்வி. போன் விளம்பரத்துல ஐபி67னு பாத்திருப்பீங்க. அதுல 6 தூசிக்கு, 7 தண்ணிக்கு. 7ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் முங்கிக் கிடந்தாலும் பாதிப்பு வராதுன்னு அர்த்தம். பீச்சியடிக்கிற தண்ணிக்கு 5, 6னு தனி டெஸ்ட். கிட்ட வெச்சு 80-100 பார் அழுத்தத்துல சூடான தண்ணி அடிக்கிறதுக்கு 9. முங்குறதுல பாஸ் ஆன பொருள் பீச்சுறதுலயும் பாஸ் ஆகும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த டெஸ்ட்டும் புது கனெக்டருக்கு நடந்தது. பத்து வருஷம் எஞ்சின் சூட்டுல வெந்து விறைச்சுப் போன ரப்பர் சீலுக்கு இல்லை. அதனால பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். ஈரத் துணியே போதும்.

ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில கையில எடுங்க. சூடான எக்ஸாஸ்ட் மேல பச்சைத் தண்ணி பட்டா உலோகம் ஒரே சீரா சுருங்காது, விரிசல் விட வாய்ப்பு உண்டு. கை வெந்து போறது தனிக் கதை. தொடங்குறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்து வைங்க. ஆயில் கறை எங்க இருக்குங்கிறதுதான் கசிவுக்கான சாட்சி, அதைத் துடைச்சிட்டா மெக்கானிக்குக்குத் துப்பு கிடைக்காது.

பேட்டரியில நெகட்டிவை முதல்ல கழட்டணும். பாஸிட்டிவைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா நேரா ஷார்ட் சர்க்யூட். நெகட்டிவ் ஏற்கெனவே கழண்டிருந்தா சர்க்யூட் முழுமையாகாது. மாட்டும்போது பாஸிட்டிவ் முதல்ல. டெர்மினல்ல பூத்திருக்கிற வெள்ளை, பச்சைப் பொடிக்குச் சமையல் சோடா கரைசலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். அது செல்லுக்குள்ள மட்டும் போகக் கூடாது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டியில ஆரஞ்சு கலர் கேபிள் தெரிஞ்சா பானெட்டை மூடிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்க. அது ஹை வோல்டேஜ்.

நம்ம ஊர்ல ஒரு கூடுதல் விருந்தாளி உண்டு: எலி. நாலு நாள் எடுக்காத வண்டின்னா கூடே கட்டியிருக்கும். எலியோட சிறுநீர்ல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அதனால காஞ்ச புழுக்கையை பிரஷ்ஷால தட்டிப் பறக்க விடாம, கிருமிநாசினி தெளிச்சு நனைச்சு, கிளவுஸ் போட்டு அள்ளுங்க. கடிபட்ட வயர் தெரிஞ்சா டேப் சுத்திச் சமாளிக்காம எலெக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க.

அப்புறம்தான் துடைக்கிற வேலை. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ, ஏர் ஃபில்டர் வாய் நாலையும் பாலிதீன் கவர் போட்டுக் கட்டுங்க. காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தூசியைத் தட்டினாலே பாதி அழுக்கு போயிடும். மிச்சத்துக்கு டீக்ரீசரைத் துணியில அடிச்சுத் துடைங்க, எஞ்சின் மேல நேரா அடிக்காதீங்க. பெல்ட்டுல பட்டா வழுக்கும். ஸ்பார்க் பிளக் குழியில ஈரம் தங்கினா எஞ்சின் இருமும்.

மண்ணெண்ணெயில கழுவுறது பழைய ஒர்க்‌ஷாப் பழக்கம். அதோட ஃப்ளாஷ் பாயின்ட் 40 டிகிரிக்குப் பக்கத்துல. நம்ம மே மாச வெயிலே அதைத் தொடும். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் ரொம்பக் கீழ. ரெண்டும் ரப்பர் ஹோஸை உப்ப வைக்கும். அந்த ரிஸ்க் எதுக்கு? எண்ணெய் ஊறின துணியை வாளியில அலசி மழைநீர் வடிகால்ல ஊத்தாதீங்க. பக்கத்துல பக்கிங்காம் கால்வாயும், 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் இருக்கு.

பானெட்டைத் திறந்து வெச்சு நல்லாக் காய விடுங்க. கவர் எல்லாம் எடுத்தாச்சான்னு எண்ணிப் பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

இதெல்லாம் தூசி வண்டிக்கு. வெள்ளத்துல முங்கின வண்டிக்கு இதுல எதுவும் பொருந்தாது. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் முங்கிக் கிடந்தது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட வண்டியில "ஓடுதான்னு பாப்போம்"னு சாவியைத் திருப்புறதுதான் பெரிய ஆபத்து. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல ஏறினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அந்தச் செலவைச் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவா ஏத்துக்காது, என்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா சேர்த்திருக்கணும். சேறு அப்பினபடியே போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லி, டோ பண்ணி அனுப்புங்க. காத்திருக்கிற நேரத்துல டிப் ஸ்டிக்கை உருவிப் பாக்கலாம். ஆயில் பால் காபி கலர்ல இருந்தா உள்ள தண்ணி கலந்தாச்சு.