வரைபடத்தின் முன்னே ஒரு சிரிப்பு

காங்கேசன்துறையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் 1990ஆம் ஆண்டிலே மக்களை இழந்தன. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள் நெடுங்காலத்தின் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. 2015 ஜனவரியிலே புகையிரதம் மீண்டும் துறைவரை வந்து சேர்ந்தது. திரும்பி வந்தோரிற் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களும், தூர்ந்த கிணறுகளும், எல்லை தெரியாத பற்றைகளுமே.

இத்தகைய ஒருவர் முன்னே புதிய வீட்டின் வரைபடத்தை விரிக்கும் கட்டடக் கலைஞருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டுக்காரர் தாளைப் பார்க்கிறார், கோடுகள் விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் கூசுகிறார். "எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு, தம்பி" என்று தலையசைத்து விடுகிறார். அத்திவாரம் வெட்டிய பின்னரே, குசினி சிறிதென்பதும் விறாந்தையில் வெயில் அடிக்குமென்பதும் தெரியவருகின்றன. அவர் கையில் இருப்பதோ ஒரு வீட்டுக்கு மட்டும் போதுமான பணம்.

அந்தக் கூச்சத்தைக் கலைக்க நகைச்சுவையைப் போல் உதவுவது பிறிதில்லை. குசினியின் படத்திலே, திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவும் ஒரு பெண்ணையும், அவள் முதுகில் வந்து இடிக்கும் கதவையும் கலைஞர் வரைந்து காட்டட்டும். வீட்டுக்காரியம்மா சிரிப்பார், சிரித்தவுடன், "கதவை மற்றப் பக்கம் வையுங்கோ" என்பார். அதுவரை வாய் திறவாதவர் அடுத்துக் கிணற்றைப் பற்றியும் சாமியறையைப் பற்றியும் பேசத் தொடங்குவார். கலைஞர் தம் பிழையைத் தாமே நகையாடியமையால், பிழை கூறுவது மரியாதைக் குறைவன்று என்பது அங்கே நிலைபெற்று விடுகிறது.

இம்முறைக்குச் சிறந்த சான்று கடலுக்கு அப்பால், கேரளத்திலே உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு 2007இல் மறைந்த லாரி பேக்கர், கேலிச் சித்திரம் வரைவதிலும் வல்லவர். சிக்கனமாக வீடு கட்டுவது எவ்வாறென்று அவர் எழுதிய சிறு நூல்களிலே, வீண் செலவுகளைப் பரிகசிக்கும் படங்கள் பல. பயன்படுத்திய தாள்களின் வெற்றுப் பக்கத்திலே வரைவது அவர் வழக்கம். அழகிய பெருந்தாளைத் திருத்தச் சொல்ல எவரும் தயங்குவர். பழைய கடித உறையின் முதுகைத் திருத்தச் சொல்ல யார் தயங்குவார்? அவர் பரப்பிய செங்கற் கட்டு முறை ஒன்றின் பெயரே எலிப்பொறிக் கட்டு. கற்களைச் செங்குத்தாக நிறுத்தி இடையிலே வெற்றிடம் விடுவதால் கல்லிற் காற்பங்கு மிச்சமாகும்; வெப்பமும் குறையும். பெயரைக் கேட்டுச் சிரிப்பவர் சுவரின் உள்ளமைப்பையும் மறவார்.

ஆயினும் எல்லை ஒன்றுண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990உடன் ஓய்ந்தது. "நாட்டுக்கே சீமெந்து கொடுத்த ஊர், இப்ப நாங்கள் மூடை தேடுகிறோம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், கலைஞர் உடன் முறுவலிக்கலாம். அதனைக் கலைஞரே முதலிற் சொல்லின், கேட்பவர் முகம் சுருங்கும். இடிந்த பழைய வீட்டைப் பற்றியும் அவ்வாறே. செலவுக் கணக்கை எடுக்கும் வேளையிலும் விகடம் வேண்டுவதில்லை. தொகையைத் தெளிவாக வாசித்து, எங்கே குறைக்கலாம் என்று காட்டி, அவர் மறுமுறை கணக்குப் பார்த்து முடியும்வரை காத்திருப்பதே போதும்.