பருத்தி இழையின் முதிர்ச்சியும் பொதுக் குவியலின் விலையும்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஊத்தங்கரை முதலிய பகுதிகளில் பருத்தி பயிராகின்றது. ஒரே வித்தை விதைத்த இரு குடியானவர்களின் பஞ்சு வெவ்வேறு விலைக்குப் போவதன் காரணத்தைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

பருத்தியிழை ஒவ்வொன்றும் விதைத்தோலின் மேலுள்ள ஒரே உயிரணு நீண்டு வளர்ந்ததாகும். ஒரு விதையில் 10,000-க்கு மேற்பட்ட இழைகள் உண்டு. இவற்றின் சுவரை அமைப்பவை நொதிகள் என்னும் பொருள்கள். முளைகட்டிய கேழ்வரகு இனிப்பது, அதிலுள்ள நொதி மாவைச் சர்க்கரையாக்குவதனாலேயாம். இழையினுள்ளும் அவ்வாறே வெவ்வேறு நொதிகள் வேலை செய்கின்றன.

பூ மலர்ந்த நாள் முதல் சுமார் 20 நாள் வரை இழை நீளும் பருவம். அப்போது சில நொதிகள் மெல்லிய சுவரின் கட்டுகளை அறுத்து மீண்டும் இணைத்து இளக்கம் தருகின்றன. உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் இழையை நீட்டுகின்றது. எவ்வளவு நீளக்கூடும் என்பதை வித்து நிர்ணயிக்கும். 1974-ஆம் ஆண்டில் கோயமுத்தூரிலிருந்து வெளியிடப்பெற்ற சுவின் ரகம் இழை நீளத்திற்குப் பெயர்பெற்றது. எனினும், நல்ல வித்தாயினும் இப்பருவத்தில் நிலம் காய்ந்தாலும் சாம்பல்சத்துக் குறைந்தாலும் இழை குறுகிவிடும்.

அதன்பின் காய் வெடிக்கும் வரை சுவர் தடிக்கும் பருவம். இலையிலிருந்து வரும் சர்க்கரையை ஒரு நொதி பிரித்துக் கொடுக்க, ஸெல்லுலோஸ் சிந்தேஸ் என்னும் மற்றொன்று அதனை ஸெல்லுலோஸ் சரங்களாக்கிப் படலம் படலமாகச் சுவரின் உட்புறம் படியவைக்கின்றது. முதிர்ந்த இழையில் 100-க்கு 90 பங்குக்கு மேல் ஸெல்லுலோஸே. பூச்சியால் இலை அழிந்தாலும், இரவுகள் மிகக் குளிர்ந்தாலும் இவ்வேலை தளரும். ஆகவே பின்தங்கி விதைத்த பருத்தியின் காய்கள் மார்கழி, தைக் குளிரில் அகப்பட்டு முதிராது நிற்கக்கூடும். கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர் மேட்டுநிலத்தில் இவ்வபாயம் அதிகம்.

முதிராத இழை தட்டையாகி, மில்லில் முடிச்சு முடிச்சாகச் சிக்கும். சாயமும் நன்கு ஏறாது. காய் வெடித்தபின் இழை உயிரற்றது. அரைகுறையாக வெடித்த காயைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகுமேயன்றிச் சுவர் தடிக்காது.

ஆதலால், பருவத்தில் விதைத்தல், பூக்கும் காலம் முதல் காய் முதிரும் வரை நிலம் காயாது பாய்ச்சுதல், நன்கு வெடித்த பஞ்சையே பனி உலர்ந்தபின் எடுத்தல், கறைபட்டதையும் முதிராததையும் வேறாக வைத்தல் ஆகியவற்றை அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டும். ஒருவர் கலந்த முதிராப் பஞ்சு பொதுக் குவியல் முழுவதன் விலையையும் தாழ்த்தும். அந்நஷ்டம் கவனமாகப் பயிரிட்ட அண்டை வயற்காரரையும் சாரும்.