வலைப்பின்னலின் கதை – 17: ஒரே கம்பியில் தகவலும் மின்சாரமும்

கூரையில் பொருத்திய வைஃபை அக்செஸ் பாயின்ட், மதில்மேல் நிற்கும் கண்காணிப்பு கேமரா, அலுவலக மேசையிலுள்ள ஐ.பி. தொலைபேசி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனி பிளக் பாயின்ட் இருப்பதில்லை. தகவல் வரும் ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் வந்துவிடுகிறது. இதற்குப் பெயர் ‘பவர் ஓவர் ஈதர்நெட்’, சுருக்கமாக பி.ஓ.இ. தொலைபேசி இணைப்பகங்கள் வெகுகாலமாகச் செய்துவந்த வேலைதான் இது. பேச்சு போகும் கம்பியிலேயே 48 வோல்ட்டையும் அவை அனுப்பிவந்தன. வீட்டில் கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்தது அதனால்தான். கணினி வலைப்பின்னலுக்கு இதை 2003-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு ‘802.3ஏஎஃப்’ என்ற தரநிலையாக வகுத்தது.

கலக்காமல் ஓடும் இரண்டு

கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடுதான் தகவல். மின்சாரமோ அந்த இரு கம்பிகளிலும் சமமாகப் பிரிந்து ஒரே திசையில் போய், வேறொரு ஜோடி வழியே திரும்புகிறது. இரண்டு கம்பிகளும் ஒரே அளவு உயர்வதால் வேறுபாடு குலைவதில்லை. போர்ட்டுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றிச் சுருளின் நடுமுனையில் மின்சாரம் ஏற்றப்படுகிறது. சுருளின் இரு பாதிகளிலும் அது எதிரெதிராக ஓடுவதால், உண்டாகும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 100 மெகாபிட் இணைப்பில் தகவலுக்குப் பயன்படாமல் இரண்டு ஜோடிகள் மீந்திருக்கும்; அவற்றின் வழியே அனுப்புவதும் உண்டு.

மின்னழுத்தம் ஏன் இவ்வளவு?

முதல் தரநிலை, பழைய கேபிள்களையும் மனத்தில் வைத்து, 100 மீட்டர் போய்த் திரும்பும் பாதையின் மின்தடை 20 ஓம் வரை இருக்கலாம் என்று கொண்டது. கேபிளின் மறுபக்கமிருந்து மின்சாரத்தை அனுப்பும் வலைப்பின்னல் சுவிட்ச் தரும் குறைந்தபட்ச மின்னழுத்தம் 44 வோல்ட், மின்னோட்டம் 0.35 ஆம்பியர். ஆக, புறப்படுவது 15.4 வாட். வழியில் 7 வோல்ட் விழுந்துவிடும். மறுமுனைக்கு 37 வோல்ட், அதாவது 12.95 வாட் போய்ச் சேரும். இதே 12.95 வாட்டை மறுமுனையில் 5 வோல்ட்டில் பெற வேண்டுமானால், சுமார் 2.6 ஆம்பியர் ஓட வேண்டும். கேபிளிலேயே 52 வோல்ட் விழும். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும். ஆனால் தொட்டாலும் ஆபத்தில்லாத எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதால் 57 வோல்ட்டோடு உச்சம் கட்டப்பட்டது.

கேட்ட பிறகே கொடுப்பது

பி.ஓ.இ. அறியாத கணினியின் போர்ட்டில் இந்த மின்னழுத்தம் நேரே பாய்ந்தால் கெடுதல் நேரலாம். அதனால் சுவிட்ச் முதலில் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட மெல்லிய மின்னழுத்தங்களை அனுப்பி, மறுமுனையின் மின்தடையை அளக்கிறது. மின்சாரம் வாங்கத் தகுதியுள்ள கருவியில் இதற்கென்றே சுமார் 25,000 ஓம் மின்தடை வைக்கப்பட்டிருக்கும். அது தென்பட்டால், மின்னழுத்தம் 15.5 முதல் 20.5 வோல்ட்டுக்குள் உயர்த்தப்படும். அப்போது கருவி இழுக்கும் மின்னோட்டத்தின் அளவே, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அது சொல்லும் பதில். 4 வாட் போதுமா, 7 வாட்டா, 15.4 வாட்டா என்பது இதில் தெரிந்துவிடும். அதன் பிறகே முழு மின்னழுத்தம் போகும். கேபிளைப் பிடுங்கினால் மின்னோட்டம் நின்றதைக் கண்டு, அரை வினாடிக்குள் சுவிட்ச் வழங்கலை நிறுத்திவிடும்.

வளர்ந்த தேவை

சுழலும் கேமராக்களுக்கு 12.95 வாட் போதவில்லை. 2009-இல் வந்த ‘802.3ஏடி’ புறப்படும் இடத்தில் 30 வாட்டும் சேரும் இடத்தில் 25.5 வாட்டும் தந்தது. 2018-இல் வந்த ‘802.3பிடி’ நான்கு ஜோடிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை அனுப்புகிறது, 71.3 வாட் சேர்வதற்கு உறுதி உண்டு. நடுவே போகக்கூடிய 18.7 வாட்டும் கேபிளில் வெப்பமாகிறது. பல கேபிள்களை ஒரே கட்டாக இறுக்கிக் கட்டினால், நடுவிலுள்ளவை அதிகம் சூடேறும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

24 போர்ட்டுகளிலும் 15.4 வாட் தர, சுமார் 370 வாட் வேண்டும். பல சுவிட்ச்களின் மொத்த ஒதுக்கீடு இதைவிடக் குறைவு. கூட்டிப் பார்க்காமல் கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியாகச் செருகியதற்கு மின்சாரம் கிடைக்காமல் போகும். செப்பு முலாமிட்ட அலுமினியக் கம்பி விலை குறைவு. ஆனால் அதன் மின்தடை செப்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தூரம் கூடினால் கேமரா அணைந்து அணைந்து எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவிட்ச் பி.ஓ.இ. தராவிட்டால், இடையில் ஓர் இன்ஜெக்டர் வைத்து மின்சாரத்தைச் சேர்க்கலாம். கருவிக்கு பி.ஓ.இ. தெரியாவிட்டால், மறுமுனையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து, மின்சாரத்தைத் தனியே பிரித்து, அதற்கேற்ற வோல்ட்டில் கொடுக்கலாம். ‘பேசிவ்’ என்று குறித்து விற்கப்படும் இன்ஜெக்டர்கள் வேறு வகை. பெரும்பாலும் 24 வோல்ட் தரும் இவை மறுமுனையில் இருப்பது எது என்று கேட்பதே இல்லை. பிளக்கில் செருகியதும் மின்சாரம் போய்விடும். எந்தக் கருவிக்காக வந்ததோ, அதற்கு மட்டுமே அவற்றை இணைக்க வேண்டும்.