முதல் கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

சென்ற வாரம் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைப் பார்த்தோம். அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையைக் கையில் எடுத்த பிறகு பிழைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதைச் சொல்லியிருந்தேன். அப்படிப் பிழைத்த சிறுமிகள் இன்று முப்பதையும் நாற்பதையும் தொட்ட பெண்கள். ஒரு காலத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வியை அவர்கள் கேட்கிறார்கள்: "எனக்குக் குழந்தை பிறக்குமா, டாக்டர்?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கும் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். விடாத காய்ச்சல், ஈறில் ரத்தக்கசிவு, மாதவிலக்கு நிற்காமல் போகிறது. பக்கத்து கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, பிளேட்லெட் அதலபாதாளத்தில். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகவோ ஆவடி லோக்கலைப் பிடித்தோ சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிந்ததும் 'அக்யூட் லுகீமியா', அதாவது தீவிர ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். நான்கைந்து நாளில் கீமோ தொடங்கிவிடும். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த நான்கைந்து நாளில் அவளுடைய எதிர்காலக் குழந்தையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கும்?

இதே நோய் ஓர் ஆணுக்கு வந்தால், கீமோவுக்கு முன் விந்தைச் சேமித்து வைக்க ஒரு மணி நேரம் போதும். பெண்ணுக்கு அப்படியில்லை. கருமுட்டைகளை எடுக்க ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஹார்மோன் ஊசி போட வேண்டும். பிறகு யோனி வழியாக ஊசி செலுத்தி உறிஞ்சி எடுக்க வேண்டும். பிளேட்லெட் குறைந்த உடம்பில் அந்த ஊசி ரத்தப்போக்கை வரவழைக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் கிருமியை ஏற்றிவிடும். மார்பகப் புற்றுநோயில் அறுவைக்கும் கீமோவுக்கும் நடுவில் சில வாரங்கள் கிடைக்கின்றன. அக்யூட் லுகீமியாவில் அந்த இடைவெளியே கிடையாது.

சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி உறையவைக்கும் முறை ஒன்று உண்டு. அப்படி உறையவைத்ததைத் திரும்பப் பொருத்தி முதல் குழந்தை பிறந்தது 2004-இல், பெல்ஜியத்தில். தாய்க்கு வந்திருந்தது ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய். லுகீமியாவில் சிக்கல் வேறு. நோய் ரத்தத்திலேயே ஓடுவதால், வெட்டிய துண்டுக்குள்ளும் புற்றணுக்கள் பதுங்கியிருக்கலாம். குணமான பெண்ணின் உடம்பில் அதை மறுபடி வைத்தால் நோயையும் சேர்த்தே வைத்ததாகிவிடும். இஸ்ரேலில், நோய் அடங்கிய நிலையில் எடுத்த திசுவை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, எலிகளுக்குள் வைத்தும் பார்த்துத் தூய்மையை உறுதி செய்த பிறகே ஒரு லுகீமியா பெண்ணுக்குத் திரும்பப் பொருத்தினார்கள். குழந்தை பிறந்த செய்தி 2018-இல் வெளியானது. இன்னும் அரிதாகவே நடக்கும் காரியம் இது.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. நம் குடும்பங்களுக்குத் தெரியாமல் நழுவுவது இந்த இடத்தில்தான். லுகீமியாவுக்குத் தரும் எல்லா கீமோவும் சினைப்பையை ஒரே அளவில் பாதிப்பதில்லை. வழக்கமான கீமோவோடு குணமாகிற பல பெண்களுக்கு மாதவிலக்கு திரும்புகிறது; அவர்கள் இயல்பாகவே கருத்தரிக்கவும் செய்கிறார்கள். முட்டை இருப்பை ஏறக்குறையத் துடைத்தெடுப்பது எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் புசல்ஃபான், அதிக அளவு சைக்ளோபாஸ்பமைடு, உடல் முழுவதும் கொடுக்கும் கதிர்வீச்சு ஆகியவைதான். முதல் சுற்றுகளில் நோய் அடங்கி, அணுக்களின் எண்ணிக்கை தேறிய பிறகு, மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னால் சில வாரங்கள் கிடைக்கக்கூடும். முட்டை எடுக்க முடிகிற வேளை அதுவே. கீமோ பட்டு அதிக நாள் ஆகாத முட்டைகளின் தரம் பற்றி மருத்துவர்களுக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் அந்தத் தயக்கத்தை எடுத்துச் சொல்லி, முடிவைப் பெண்ணிடம் விடுவதுதான் முறை.

மாதவிலக்கை நிறுத்த லூப்ரோலைடு ஊசி போடுவார்கள். பிளேட்லெட் குறைந்த நாட்களில் ரத்தப்போக்கைத் தடுக்க அது நல்ல மருந்து. சினைப்பையையும் அது காப்பாற்றிவிடும் என்று லுகீமியாவில் நம்பியிருக்க முடியாது. அது காக்கும் என்பதற்கான சான்று பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்தது. "ஊசி போட்டாச்சு, கவலையில்லை" என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நாள்பட்ட மைலாய்டு லுகீமியாவின் கதை தனி. அதற்கான இமாடினிப் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஏழைப் பெண்ணுக்கும் எட்டும் விலையில் அந்த மாத்திரை கிடைக்க அது பெரிய பலம். ஆனால் கருவுற்ற முதல் மாதங்களில் அது சிசுவின் உறுப்புகளைக் கெடுக்கக்கூடும். கர்ப்பம் தரித்த பிறகு பயந்துபோய்த் தானாகவே மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடனே டாக்டரிடம் சொன்னால், நோய் எவ்வளவு ஆழமாக அடங்கியிருக்கிறது என்று பார்த்து, எப்போது நிறுத்தலாம் என்பதை அவர் திட்டமிடுவார்.

இனி சட்டம். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருவூட்டல் ஒழுங்குமுறைச் சட்டம், இந்தச் சேவையைப் பெறும் பெண்ணுக்கு 21 வயது கடந்திருக்க வேண்டும் என்கிறது. உறையவைத்ததைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. குழந்தையில்லாத் தம்பதிகளை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் இவை. பத்தொன்பது வயதில் லுகீமியா வந்த பெண்ணுக்கு ஓட்டுரிமை உண்டு; தன் முட்டையைக் காத்துக்கொள்ள மட்டும் சட்டம் இடம் தரவில்லை. இருபத்திரண்டில் சேமித்தவளுக்கு முப்பத்திரண்டில் கெடு முடிகிறது. நோய், மறுவாழ்வு, வேலை, கல்யாணம் எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு இந்த இரண்டு வரம்பிலும் விலக்கு தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவும் கண்ணைக் கட்டுகிறது. தனியார் மையத்தில் முட்டை எடுக்கும் ஒரு சுற்றுக்கே லட்சத்தைத் தாண்டும். எஸ்டேட் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. அட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கீமோவோடு இதையும் ஏற்கும்படி அரசு செய்ய வேண்டும்.

சட்டத்தையும் பணத்தையும்விடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. "கல்யாணமாகாத பொண்ணுகிட்ட இதையெல்லாம் எப்படிப் பேசுறது?" என்று அம்மா தயங்குவார். "முதல்ல உயிர் பொழைக்கட்டும்" என்பார் அப்பா. இரண்டிலும் பாசம்தான் இருக்கிறது. ஆனால் பேசாமல் விட்டதன் விலையை அவர்கள் கொடுக்கப் போவதில்லை; மகள் கொடுப்பாள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்தால், முதல் கீமோ ஏறும் முன்பே ரத்தநோய் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மருந்துகள் கருத்தரிப்பை எவ்வளவு பாதிக்கும்? எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படுமா? அதற்கு முன் முட்டை சேமிக்க வாய்ப்பு கிடைக்குமா? கேட்கும்போது அந்தப் பெண்ணையும் அருகில் உட்காரவையுங்கள். முடிவு அவளுடையது.