5 மில்லிகிராம் வித்தியாசம்

சிகாகோவில் 42 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. எல்லாரும் நல்ல உடல்நலம் உள்ளவர்கள்; கஞ்சாவை எப்போதாவது எடுத்திருந்தாலும் தினசரிப் பழக்கம் இல்லாதவர்கள். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி ஒரு குழுவுக்கு 7.5 மில்லிகிராம், இன்னொரு குழுவுக்கு 12.5 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு வெறும் கேப்சூல். பிறகு, முகத்தில் சலனமே காட்டாதவர்கள் முன்னால் ஒரு போலி நேர்காணல். அடுத்து, ஐந்திலக்க எண் ஒன்றிலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். யாருக்கும் வியர்த்துவிடும்.

7.5 எடுத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, சீக்கிரமும் தணிந்தது. 12.5 எடுத்தவர்களுக்கோ நேர்காணல் தொடங்கும் முன்பே மனம் கலங்கியது, பேச்சும் தடுமாறியது. 2017இல் வெளியான இந்த முடிவை, ‘கஞ்சா அடித்தால் டென்ஷன் போய்விடும்’ என்று நம்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமைதிக்கும் கலக்கத்துக்கும் நடுவே இருந்தது 5 மில்லிகிராம்தான். தெருவில் வாங்கும் பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்?

ஒரே பொருள் எப்படி இரண்டையும் செய்கிறது? பயத்தை அளந்து வைக்க மூளை தானே ஆனந்தமைடு என்றொரு பொருளைச் சுரக்கிறது. ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் 1992இல் அதைக் கண்டறிந்தார்கள். தேவையான இடத்தில் சுரந்து, வேலை முடிந்ததும் சட்டென்று சிதைந்துவிடும். செல்களில் ஆனந்தமைடு ஒட்டும் இடங்களான ஏற்பிகளில்தான் டிஎச்சியும் போய் ஒட்டுகிறது. ஆனால் மூளை முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் தங்குகிறது. நரம்புகளைத் தூண்டும் செல்களிலும் அந்த ஏற்பி உண்டு, அடக்கும் செல்களிலும் உண்டு. எலிகளில் பார்த்தபோது, குறைந்த அளவு தூண்டலைத் தணித்தது. அளவு கூடியபோது அடக்கும் கையே தளர்ந்தது.

இந்த ஏற்பியை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. அதை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற உடல் எடைக் குறைப்பு மருந்து 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடுத்தவர்களில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வந்ததால் 2008இல் நிறுத்தப்பட்டது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தினசரிப் பழக்கம். நாள்தோறும் புகைப்பவர்களின் மூளையில் இந்த ஏற்பிகள் குறைகின்றன. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ‘பழைய பயம் திரும்பிவிட்டது’ என்று நினைத்து மறுபடி பற்றவைக்கிறார்கள். அது பழைய பயம் அல்ல. கஞ்சாவே உண்டாக்கிய பயம். பொறுத்திருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். சுமார் நான்கு வாரத்தில் ஏற்பிகளும் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடுவதை மூளை ஸ்கேன் காட்டியிருக்கிறது.

பதற்றக்காரர்கள்தானே கஞ்சாவைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுமார் 1,600 மாணவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதலிலேயே மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்கள் பின்னால் அதிகமாகக் கஞ்சாவுக்குப் போகவில்லை. தினமும் எடுத்த இளம்பெண்களிடம்தான் அவை வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

பதற்றத்துக்கு முறையான சிகிச்சை உண்டு. பேச்சு வழியிலும் உண்டு, மருந்து வழியிலும் உண்டு. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ தேவைப்பட்டால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.